கந்தல், மூங்கில், மண்: பண்டைச் சீனர் கண்டதும் கட்டியதும்

பண்டைச் சீனத்தின் சாதனைகள் எவை என்று கேட்டால் பாடநூல்கள் நான்கு பெயர்களை ஒப்பிக்கும்: காகிதம், அச்சு, திசைகாட்டி, வெடிமருந்து. இந்தப் பட்டியலின் தொடக்கம் சீனத்தில் இல்லை. அச்சும் வெடிமருந்தும் திசைகாட்டியும் உலகத்தின் போக்கையே மாற்றிவிட்டன என்று 1620-இல் எழுதிய ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் பேக்கனுக்கு, அவை மூன்றும் எங்கிருந்து வந்தவை என்பது தெரியாது. பின்வந்தோர் காகிதத்தையும் சேர்த்து நான்காக்கினர். பட்டியலில் பிழை ஏதும் இல்லை என்றாலும், அதை மட்டும் மனப்பாடம் செய்கிறவருக்கு அந்த மக்கள் எப்படி வேலை செய்தார்கள் என்பது பிடிபடாமலே போய்விடும்.

சீனர் கையாண்ட பொருள்களில் பெரும்பாலானவை மலிவானவை, கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பவை: கந்தல் துணி, மரப்பட்டை, களிமண், மூங்கில், ஆற்றுக் கூழாங்கல், மரக்கட்டை. இவற்றை எந்த அளவில், எந்த வரிசையில், எப்படிச் சேர்ப்பது என்ற செய்முறையில்தான் அவர்களுடைய திறமை இருந்தது. அந்தச் செய்முறைகளில் சிலவற்றை இங்கே பார்க்கலாம். ‘பண்டை’ என்ற சொல்லைச் சற்றுத் தளர்வாகவே கையாள்கிறேன், கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலிருந்து சொங் பேரரசின் 12-ஆம் நூற்றாண்டு வரை என்று கொள்க.

கூழிலிருந்து ஏடு

காகிதம் வருவதற்கு முன் சீனர் மூங்கில் சிம்புகளிலும் பட்டுத் துணியிலும் எழுதினார்கள். பட்டுக்கு விலை அதிகம். மூங்கிலுக்குக் கனம் அதிகம். ஒரு சிம்பில் மேலிருந்து கீழாக ஒரு வரி எழுதி, பல சிம்புகளை நூலால் கோத்துச் சுருட்டி வைப்பது வழக்கம். கி.மு. 221-இல் சீனத்தை ஒரே ஆட்சியின் கீழ்க் கொண்டுவந்த பேரரசர் சின் ஷி ஹுவாங், நாள்தோறும் ஒரு ‘ஷி’ எடையுள்ள ஆவணங்களை, அதாவது ஏறத்தாழ 30 கிலோவை, நிறுத்துவைத்துப் பார்த்து முடிக்கும்வரை ஓய்வெடுக்கமாட்டார் என்று வரலாற்றாசிரியர் சிமா சியான் குறித்திருக்கிறார். பேரரசரின் அதிகார வேட்கையைச் சுட்டுவதற்காக எழுதப்பட்ட அந்த வரி, அக்காலத்து அலுவலகக் கோப்பு எவ்வளவு கனத்தது என்பதையும் சொல்லிவிடுகிறது.

கி.பி. 105-இல் ஹான் பேரரசின் அரண்மனைப் பட்டறைகளுக்குப் பொறுப்பாக இருந்த சாய் லுன் என்னும் அதிகாரி, மரப்பட்டை, சணல் கழிவு, கந்தல் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றிலிருந்து காகிதம் செய்யும் முறையைப் பேரரசரிடம் தெரிவித்தார். காகிதத்தை முதன்முதலில் கண்டவர் அவர் அல்லர்; கான்சு பகுதியில் கிடைத்துள்ள காகிதத் துணுக்குகள் கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. எதற்கும் உதவாது என்று எறியப்பட்டவற்றை மூலப்பொருளாக்கி, அரசு நிர்வாகத்துக்குப் போதுமான அளவில் செய்யக்கூடிய முறையாக அதை ஒழுங்குபடுத்தியதே அவருடைய பங்கு என்று கொள்வது பொருத்தம்.

செய்முறை இதுதான். பட்டையையும் கந்தலையும் ஊறவைத்து, சாம்பல் நீரிலோ சுண்ணாம்பு நீரிலோ வேகவைத்தால், நாரைப் பிணைத்திருக்கும் பசை கரைந்து நார் தனியாகும். அதைக் கழுவி, உலக்கையால் இடித்துக் கூழாக்கித் தொட்டி நீரில் கலக்கவேண்டும். மெல்லிய மூங்கில் குச்சிகளால் பின்னிய சல்லடைத் தட்டை அந்த நீருக்குள் சாய்த்து இறக்கி, மட்டமாக மேலே தூக்கும்போது நீர் வடிந்துவிடும். நார்கள் தாறுமாறாக ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஒரு படலமாக நிற்கும். படலங்களை அடுக்கிப் பாரம் வைத்து நீரைப் பிழிந்து, பின்பு ஒவ்வொன்றாகப் பிரித்துச் சுவரில் ஒட்டிக் காயவிடுவார்கள். நீர் வற்ற வற்ற நார்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. தனியே பசை தேவையில்லை. எகிப்தியரின் பாப்பிரசு, நாணல் தண்டைச் சீவி அடுக்கி அழுத்தியது. அதில் நாணல் நாணலாகவே இருக்கும். காகிதத்திலோ மூலப்பொருள் முழுவதும் சிதைக்கப்பட்டு, நீரின் உதவியால் வேறொரு பொருளாக மறுபடி பிறக்கிறது. நார் உள்ள எதிலிருந்தும் காகிதம் செய்யலாம் என்பதால், 8-ஆம் நூற்றாண்டில் சமர்கந்துக்கும் பாக்தாதுக்கும் போன இந்தத் தொழில், அந்தந்த ஊரில் கிடைத்த கந்தலைக் கொண்டே நடந்தது.

சிச்சுவான் வணிகர்களுக்கு இந்தக் காகிதம் இன்னொரு வகையில் கைகொடுத்தது. அங்கே புழங்கிய இரும்புக் காசுகளைச் சுமந்து மாளாமல், பணத்தை ஓரிடத்தில் ஒப்படைத்துவிட்டு அதற்கான சீட்டைக் கையில் வைத்துக்கொண்டார்கள். சொங் அரசு அந்த ஏற்பாட்டைத் தானே எடுத்துக்கொண்டு 1024-இல் காகிதப் பணம் வெளியிட்டது.

களிமண் எழுத்து

காகிதம் மலிந்த பிறகுதான் அச்சுக்கு வேலை வந்தது. தொடக்கத்தில் பக்கம் முழுவதையும் ஒரே மரப்பலகையில் செதுக்கினார்கள். மெல்லிய தாளில் எழுதி, எழுத்துப் பக்கம் பலகையில் படும்படி ஒட்டி, எழுத்தல்லாத இடத்தைக் குடைந்து எடுத்துவிட்டால் எழுத்து மேடாக நிற்கும். அதில் மை தடவித் தாளை வைத்து, உலர்ந்த தூரிகையால் தேய்த்தால் போதும். அழுத்தும் எந்திரம் வேண்டாம். வடமேற்குச் சீனத்தின் பாலைநில ஊரான துன்ஹுவாங்கில் ஒரு குகையில் கிடைத்து, இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் வைரச் சூத்திரச் சுருள் இப்படி அச்சானது. சமஸ்கிருதத்திலிருந்து சீனத்துக்குப் போன பௌத்த நூல் அது. ஏறத்தாழ 5 மீட்டர் நீளமுள்ள அந்தச் சுருளின் முடிவில், வாங் ஜியே என்பவர் தம் பெற்றோரின் பொருட்டு இதை இலவசமாக வழங்குவதற்காகச் செய்வித்தார் என்ற குறிப்பும், 868-ஆம் ஆண்டுக்குரிய தேதியும் உள்ளன. தேதி பொறித்த முழுமையான அச்சு நூல்களில் இன்று நம்மிடம் உள்ள மிகப் பழையது இதுவே.

1040-களில் பி ஷெங் என்ற எளிய மனிதர், எழுத்துகளைத் தனித்தனியே செய்தார். ஈரக் களிமண்ணில் ஒவ்வோர் எழுத்தாகச் செதுக்கிச் சுட்டுக் கெட்டியாக்கினார். இரும்புத் தட்டில் பைன் பிசின், மெழுகு, காகிதச் சாம்பல் கலந்த கலவையைப் பரப்பி, அதன்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, எழுத்துகளை நெருக்கமாக அடுக்கினார். தட்டைச் சூடாக்கினால் கலவை இளகும். அப்போது மட்டப்பலகையால் அழுத்தினால் எழுத்துகளின் தலை எல்லாம் சமமாகும். ஆறியதும் எழுத்துகள் அசையாமல் நிற்கும். அச்சடித்து முடித்துத் தட்டை மறுபடி சூடாக்கினால் எழுத்துகள் கையோடு உதிர்ந்துவிடும். ஒரு தட்டில் அச்சு நடக்கும்போதே இன்னொரு தட்டில் எழுத்துக் கோத்தார்கள். அடிக்கடி வரும் எழுத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட படிகள் இருந்தன. இவ்வளவும் நமக்குத் தெரிவது ஷென் குவோ என்ற அரசு அதிகாரி 1088-ஐ ஒட்டித் தொகுத்த குறிப்புகளால். இரண்டு மூன்று படிகளுக்கு இந்த முறையால் பயனில்லை, நூற்றுக்கணக்கில் அடிக்கும்போதுதான் இதன் வேகம் தெரியும் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார்.

அப்படியிருந்தும் சீன அச்சகங்கள் 19-ஆம் நூற்றாண்டு வரை பெரும்பாலும் மரப்பலகையையே கையாண்டன. இதைப் பின்தங்கல் என்று சிலர் எழுதுகிறார்கள். சில ஆயிரம் எழுத்துகள் தேவைப்படும் மொழியில், எழுத்துகளை வார்த்து, அடுக்கி, தேடி எடுப்பதற்கே பெரும் முதலும் ஆளும் வேண்டும். செதுக்கிய பலகையையோ அறையில் போட்டுவைத்து, வேண்டும்போது பத்துப் படி, இருபது படி என்று அடித்துக்கொள்ளலாம். அச்சகம் நடத்தியவர்களுக்குக் கணக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

திசைகாட்டியையும் ஷென் குவோ விட்டுவைக்கவில்லை. காந்தக் கல்லில் தேய்த்த ஊசியைக் காற்றில்லாத இடத்தில் ஒற்றைப் பட்டு நூலில் மெழுகுத் துளியால் ஒட்டித் தொங்கவிட்டால் அது தெற்கைக் காட்டும் என்றும், சரியாகத் தெற்கைக் காட்டாமல் சற்றே கிழக்கில் சாயும் என்றும் எழுதினார். புவியின் காந்த முனையும் துருவமும் ஒரே இடத்தில் இல்லாததால் வரும் அந்த விலகல், மிக முன்னதாகவே அங்கே கவனிக்கப்பட்டது. நிலத்தில் மனைப்பொருத்தம் பார்ப்பவர்களிடம் முதலில் இருந்த ஊசி, 1119-இல் எழுதப்பட்ட ஒரு குறிப்பில் கப்பலேறிவிட்டது: மாலுமிகள் இரவில் விண்மீனையும் பகலில் கதிரவனையும் பார்ப்பார்கள், மூட்டமான நாளில் ஊசியைப் பார்ப்பார்கள் என்று அது சொல்கிறது.

வெடிமருந்துக்குச் சீனப் பெயர் ‘ஹுவோ யாவ்’. நேர்ப்பொருள் தீ மருந்து. தமிழிலும் அதை மருந்து என்றே சொல்கிறோம். சீனத்தில் அந்தப் பெயருக்குக் காரணம் உண்டு: சாவா மருந்து தேடிய ரசவாதிகள் வெடியுப்பையும் கந்தகத்தையும் கரிப்பொருளையும் கலந்து பார்த்தபோதுதான் அது பற்றிக்கொண்டது. 1044-இல் அரசு ஆணையால் தொகுக்கப்பட்ட போர்க்கலை நூலில் அதன் கலவை அளவுகள் எழுத்தில் வந்துவிட்டன.

கட்டும் கை

கட்டடக்கலை என்றதும் பெருஞ்சுவர்தான் முதலில் நினைவுக்கு வரும். அதைச் சுருக்கமாகவே சொல்லிக் கடக்கிறேன், ஏனெனில் அது ஒரே சுவரும் அன்று, ஒரே காலத்தில் கட்டியதும் அன்று. பல அரச மரபுகள் கட்டிய சுவர்களையும் அகழிகளையும் சேர்த்து 2012-இல் அறிவிக்கப்பட்ட நீளம் 21,196 கிலோமீட்டர். படங்களில் நாம் பார்க்கும் செங்கல் சுவர் பிற்கால மிங் அரசர்களுடையது. சின், ஹான் காலத்துச் சுவர்களில் பெரும்பகுதி இடித்த மண்ணால் ஆனவை: இரு பக்கமும் பலகை நிறுத்தி, நடுவில் ஒரு சாண் உயரத்துக்கு மண்ணைக் கொட்டி, அது பாதியாக இறுகும்வரை இடித்து, அதன்மேல் அடுத்த அடுக்கு. துன்ஹுவாங் பக்கத்துப் பாலைநிலத்தில் மண் பிடிக்காத இடங்களில் நாணலையும் சரளைக்கல்லையும் மாற்றி மாற்றி அடுக்கினார்கள். அந்த நாணல் இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் துருத்திக்கொண்டு நிற்கிறது. நிலவிலிருந்து சுவர் தெரியும் என்பது வெறும் கதை.

உண்மையான நுட்பத்தைப் பார்க்க மரக் கட்டடங்களிடம் போகவேண்டும். சீன மரக் கட்டடத்தில் சுவர் பாரம் தாங்குவதில்லை. தூண்களும் உத்திரங்களும் கூரையைச் சுமக்கின்றன. சுவர் இடைவெளியை அடைக்கிறது, அவ்வளவே. ‘சுவர் விழும், வீடு விழாது’ என்று சீனத்தில் ஒரு வழக்கே உண்டு. தூணின் அடியை மண்ணில் புதைக்காமல் கல்லின்மேல் சும்மா நிறுத்துகிறார்கள். தூணின் தலைக்கும் கூரைக்கும் நடுவில் ‘தொவ்கொங்’ என்ற அமைப்பு வருகிறது: ஒரு சதுரக் கட்டை, அதன்மேல் வில்போல் வளைந்த ஒரு கை, அந்தக் கையின் நுனிகளில் மறுபடி கட்டைகள், அவற்றின்மேல் இன்னும் நீண்ட கைகள். மரம் கிளைவிட்டதுபோல மேலே போகப் போக விரியும். ஒன்றில் துளை, மற்றொன்றில் கழுந்து. இரண்டும் பொருந்திக்கொள்ளும், ஆணி கிடையாது. அகன்ற இறவாணத்தின் பாரத்தை உள்ளிழுத்துத் தூணில் இறக்குவது இதன் முதல் வேலை. நிலநடுக்கத்தின்போது இரண்டாவது வேலை தொடங்கும்: நூற்றுக்கணக்கான இணைப்புகள் ஒவ்வொன்றும் மயிரிழை அளவு வழுக்கி, உரசி, அதிர்வின் வேகத்தைத் தின்றுவிடுகின்றன. மேலிருக்கும் கனமான ஓட்டுக் கூரை இணைப்புகளை அழுத்திப் பிடித்திருப்பதால் கட்டடம் குலுங்கிவிட்டுத் தன் இடத்துக்கே திரும்புகிறது. ஷான்சியில் 1056-இல் கட்டப்பட்ட யிங்சியான் மரக்கோபுரம் 67 மீட்டர் உயரம். பல நிலநடுக்கங்களைப் பார்த்துவிட்டு இன்றும் நிற்கிறது, இரண்டாம் தளம் சற்றுச் சாய்ந்திருந்தாலும்.

இவ்வளவு துண்டுகளையும் தச்சர்கள் எப்படிப் பொருத்தமாக அறுத்தார்கள் என்பதற்கு 1103-இல் லீ ஜியே என்ற அதிகாரி தொகுத்து அரசு வெளியிட்ட கட்டட விதிநூல் விடை சொல்கிறது. கட்டடத்தின் தகுதிக்கேற்ப எட்டு மர அளவுகள்; ஒவ்வோர் அளவிலும் உயரம் 15 பங்கு, அகலம் 10 பங்கு. மற்ற எல்லாத் துண்டுகளும் இந்தப் பங்குகளின் மடங்குகள். ஓர் உருண்டை மரத்திலிருந்து அறுத்தெடுக்கும் உத்திரம் அதிகச் சுமை தாங்கவேண்டுமானால் எந்த விகிதத்தில் அறுக்கவேண்டும் என்று இன்றைய பொறியியல் கணக்கிட்டுச் சொல்லும் விடைக்கு இந்த மூன்றுக்கு இரண்டு மிக நெருக்கமானது. நூலின் இன்னொரு பகுதி கூலிக் கணக்கு. கோடையில் பகல் நீளம், குளிர்காலத்தில் பகல் குறைவு; ஆகவே ஒரு நாள் வேலை என்பது பருவத்துக்கேற்ப மாறும் என்று அது வகுத்திருக்கிறது. கட்டட வேலையில் அரசுப் பணம் வீணாவதையும் களவுபோவதையும் தடுப்பது நூலின் நோக்கங்களில் ஒன்று என்பதை மனத்தில் வைத்தால், இந்தக் கறார் புரியும்.

மரம் எரியும், மக்கும். அதனால் மிகப் பழைய கட்டடங்கள் அரிது. தாங் அரச மரபின் (618–907) காலத்து மரக் கட்டடம் எதுவும் சீனத்தில் மிஞ்சவில்லை என்று ஜப்பானிய அறிஞர்கள் சொல்லிவந்த நிலையில், கட்டடக்கலை ஆய்வாளர்களான லியாங் சிசெங்கும் அவர் மனைவி லின் ஹுயியினும், துன்ஹுவாங் சுவரோவியம் ஒன்றில் கண்ட கோயிலைத் தேடி 1937 கோடையில் ஷான்சியின் வூதாய் மலைக்குக் கோவேறு கழுதைகளில் போனார்கள். ஃபோகுவாங் கோயிலின் கிழக்கு மண்டபத்துக் கூரைக்குள் ஏறியபோது அங்கே இருந்தவை ஆயிரக்கணக்கான வௌவால்களும் மூட்டைப்பூச்சிகளும் தடித்த தூசியும். சில நாள் அளவெடுத்த பிறகு, தூரப்பார்வை உள்ள லின் ஹுயியினின் கண்ணுக்கு உத்திரத்தின் அடியில் மங்கிய மையெழுத்து தென்பட்டது. துடைத்துப் பார்த்ததில் கொடையளித்த ஒரு பெண்ணின் பெயர். வெளியே நின்ற கல்தூணிலும் அதே பெயர், 857-ஆம் ஆண்டு என்ற குறிப்போடு. அவர்கள் மலையை விட்டு இறங்கியபோதுதான் ஜப்பானோடு போர் மூண்டுவிட்டது என்ற செய்தி தெரிந்தது.

கல்லில் செய்த வேலைக்கு ஒரே சான்று போதும். ஹெபெய் மாநிலத்து ஜாவோஜோ பாலத்தை சுயி அரசர் காலத்தில், 605-ஐ ஒட்டி, லீ சுன் என்னும் கைவினைஞர் கட்டினார். அரைவட்டமாக வளைவு எழுப்பியிருந்தால் 37 மீட்டர் அகலத்தைத் தாண்ட 18 மீட்டருக்கு மேல் உயரவேண்டும். வண்டிமாடு மலையேறுவதுபோல ஏறவேண்டியிருக்கும். அவர் வட்டத்தின் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு 7 மீட்டர் உயரத்தில் முடித்தார். தட்டையான வளைவு கரைகளை அதிகமாக உதைக்கும் என்பதால், பாரத்தைக் குறைக்க இரு தோள்களிலும் இரண்டிரண்டு சிறு வளைவுகளைத் திறந்துவிட்டார். கல்லும் மிச்சம், வெள்ளம் பெருகினால் நீர் போவதற்கும் வழி. பெரிய வளைவு ஒரே பாளமாக இல்லை. 28 தனி வளைவுப் பட்டைகள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றலாம்.

ஆற்றோடு பேசுதல்

எனக்குப் பிடித்தது இவை எல்லாவற்றுக்கும் முந்தியது. கி.மு. 256-ஐ ஒட்டி, சிச்சுவானில் மின் ஆறு மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் இடத்தில், சின் நாட்டு ஆளுநர் லீ பிங் தொடங்கிய துஜியாங்யான் பாசன அமைப்பில் அணை கிடையாது. ஆற்றின் நடுவே மீன் வாய்போல் கூர்ந்த ஒரு திட்டு. அது நீரை உள்ளாறு, வெளியாறு என்று இரண்டாகப் பிரிக்கிறது. உள்ளாறு ஒடுக்கம், ஆழம். வெளியாறு அகலம், ஆழக் குறைவு. நீர் குறைந்த காலத்தில் ஆழமான பக்கம் பெரும்பங்கு தானாகப் போய்ப் பாசனத்துக்கு உதவும். வெள்ளத்தில் அகலமான பக்கம் பெரும்பங்கு சாய்ந்து ஊரை விட்டு விலகும். அன்று இதற்கு மதகு இல்லை, ஆள் இல்லை. திட்டு ஆற்றின் வளைவில் அமைந்திருப்பதால் மணலும் கல்லும் பெரும்பாலும் வெளியாற்றுக்கே ஒதுங்குகின்றன. தப்பி உள்ளே வருவதைத் தாழ்ந்த ஒரு கலிங்கு சுழலோடு வெளியே தள்ளுகிறது.

உள்ளாற்றுக்குச் சமவெளியின் பக்கம் வாசல் வேண்டுமானால் ஒரு மலையைக் குடையவேண்டும். வெடிமருந்து வருவதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் இருந்தது. பாறைமேல் விறகை எரித்துச் சூடேற்றி, குளிர்ந்த நீரை ஊற்றிப் பிளந்து பிளந்து, ஏறத்தாழ 20 மீட்டர் அகல வாசலைத் திறந்தார்கள். குப்பி வாய் என்று பெயர்பெற்ற அந்த ஒடுங்கிய வாசல், எவ்வளவு வெள்ளம் வந்தாலும் ஓர் அளவுக்கு மேல் நீரை உள்ளே விடாது. திட்டைக் கட்ட, நீண்ட மூங்கில் கூடைகளைப் பின்னி உருளைக்கற்களை நிரப்பி அடுக்கினார்கள். கெட்டியான சுவரை அந்த ஆறு அடித்துக்கொண்டு போயிருக்கும். கூடை நீரைக் கசியவிட்டு, ஆற்றுப் படுகை சரியும்போது தானும் வளைந்து படிந்துகொள்ளும். மூங்கில் சில ஆண்டில் மக்கிவிடுமே என்றால், ஆம், மக்கும். மாற்றுவது என்பதைக் கணக்கில் வைத்தே கட்டியது அது.

முன்பெல்லாம் ஆண்டுதோறும் குளிர்காலத்தில், நீர் குறைந்திருக்கும்போது, மரக்கம்புகளை முக்காலிபோல் கட்டி ஆற்றில் வரிசையாக நிறுத்தி, தட்டியும் மண்ணும் சேர்த்து ஒரு பக்கத்தை அடைப்பார்கள். படிந்த மணலை வாரி, வசந்தத்தில், முன்னோரை வழிபடும் சிங்மிங் பண்டிகையை ஒட்டித் தடுப்பை அறுத்து நீரைத் திறப்பார்கள். எவ்வளவு ஆழம் வாருவது என்பதற்குப் படுகையில் இரும்புத் தண்டுகள் புதைக்கப்பட்டுள்ளன. தண்டு தட்டுப்படும்வரை வாரவேண்டும். ‘படுகையை ஆழமாக வாரு, கலிங்கைத் தாழ்வாகக் கட்டு’ என்ற ஆறே எழுத்துகள் கொண்ட விதி கரையில் உள்ள கோயில் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கூடைகளின் இடத்தில் இன்று சிமெண்டு வந்துவிட்டது. பாசனம் பெறும் நிலம் 6,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. 2008 மே மாதத்துப் பெரும் நிலநடுக்கம் மிக அருகில் நேர்ந்தபோது மீன் வாயில் விரிசல் விழுந்தது. நீர் பிரிவது நிற்கவில்லை.

நீர்மட்டத்தை அளக்க லீ பிங் ஆற்றுக்குள் மூன்று கல் மனிதர்களை நிறுத்தியதாக ஒரு பழைய வட்டார வரலாறு சொல்கிறது. அவற்றைக் கொண்டு ஆற்றோடு செய்துகொண்ட ஒப்பந்தம் இது: வற்றினாலும் பாதத்துக்குக் கீழே இறங்காதே, பெருகினாலும் தோளுக்கு மேலே ஏறாதே. 1974-இல் மீன் வாய் அருகே படுகையைத் தோண்டியபோது, ஹான் காலத்தில் கி.பி. 168-இல் செதுக்கப்பட்ட லீ பிங்கின் கற்சிலை ஒன்று, ஏறத்தாழ 3 மீட்டர் உயரத்தில், சேற்றுக்குள்ளிருந்து வெளிவந்தது.